ஜிஆர்பி 221009ஏ: உச்சியில் ஏன் ஓட்டை? (ஃபெர்மி தரவு, காமாக் கதிர் வெடிப்பை அளப்பது)

#1 புதுக்கண் · 2 மார்ச் 2024, இரவு 9:40

ஜிஆர்பி 221009ஏ எனப்படும் 2022 அக்டோபர் 9 காமாக் கதிர் வெடிப்புக்கு, ஃபெர்மி செயற்கைக்கோளின் ஜிபிஎம் (காமா வெடிப்பைக் கண்காணிக்கும் கருவி) தரவை இறக்கி ஒளிவளைவு (நேரத்தோடு எண்ணிக்கை மாறும் விதம்) வரைந்தேன். ட்ரிகர் (கருவி வெடிப்பை உணர்ந்து எழுப்பும் மணி) எண் 221009553; விநாடிகளை அந்த நேரத்திலிருந்து எண்ணுகிறேன். ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் நேரம் குறித்திருக்கும் நிகழ்வுத் தரவைத்தான் எடுத்தேன், 0.1 விநாடிக் கூறுகளாகப் பிரித்தேன். முதலில் ஒரு சின்ன மேடு. பிறகு கிட்டத்தட்ட மூன்று நிமிடம் அமைதி. பிறகு செங்குத்தாக ஏறுகிறது. 219-வது விநாடியிலிருந்து 277 வரை பல் போன சீப்பு மாதிரி இருக்கிறது: உச்சி தட்டை, நடுநடுவே எண்ணிக்கை பூஜ்யம்.

என் வாதம்: மைய எஞ்சின் (வெடிப்புக்கு ஆற்றல் தரும் நடு மூலம்) விட்டு விட்டு எரிகிறது. இதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. இன்னொன்று, என் எண்ணிக்கையை வைத்துப் போட்ட மொத்த ஆற்றல் வெளியான மதிப்பில் பாதிகூட வரவில்லை. எங்கே தப்பு?

#2 நடுநிசி · 2 மார்ச், இரவு 10:25

யாரும் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஓட்டை வானத்தில் இல்லை, செயற்கைக்கோளில்.

ஜிபிஎம்மில் 12 சோடியம் அயோடைடு படிகங்கள், 2 பிஜிஓ (பிஸ்மத் ஜெர்மனேட்) படிகங்கள், ஒவ்வொன்றும் ஒரு டிடெக்டர். சோடியம் அயோடைடு ஒவ்வொன்றும் 12.7 செ.மீ. விட்டம், 1.27 செ.மீ. தடிமன் உள்ள வட்டு. தோராயமாக 8 கேஇவி முதல் 1 எம்இவி வரை பார்க்கும் (ஃபோட்டான் ஆற்றலின் அலகுகள்; 1 எம்இவி = 1,000 கேஇவி). பிஜிஓ 12.7 செ.மீ. உயரமுள்ள உருளை, 200 கேஇவி முதல் 40 எம்இவி வரை. ஃபோட்டான் படிகத்தில் பட்டால் ஒரு மின்னல், அதை ஒளிப்பெருக்கிக் குழாய் மின்துடிப்பாக்கும், துடிப்பின் உயரமே ஆற்றல். ஒரு துடிப்பை அளந்து முடிக்க 2.6 மைக்ரோவிநாடி. அதற்குள் வருகிற அடுத்த ஃபோட்டானுக்குக் கதவு சாத்தியிருக்கும். இதுதான் டெட் டைம். ஆற்றல் அளவுகோலுக்கு மேலே போய்க் கடைசிச் சேனலில் (ஆற்றல் கூறில்) விழுகிற நிகழ்வென்றால் 10 மைக்ரோவிநாடி.

உண்மை வீதம் = அளந்த வீதம் ÷ (1 − அளந்த வீதம் × டெட் டைம்).

ஒரு டிடெக்டர் விநாடிக்கு 60,000 காட்டினால்: 60,000 × 2.6 மைக்ரோ = 0.156. உண்மை சுமார் 71,000. ஒரு லட்சம் காட்டினால் 1,35,000. உங்கள் தட்டை உச்சிக்கும் ஓட்டைக்கும் இதுதான் காரணம்.

#3 சில்லறைஎண்ணி · 2 மார்ச், இரவு 11:50

#2 பாதி சரி. டெட் டைம் உச்சியை அமுக்கும், ஆனால் பூஜ்யமாக்காது. பூஜ்யத்துக்குக் காரணம் வேறு. மூன்று நோய்களை ஒன்றாகக் கட்டாதீர்கள், மூன்றுக்கும் மருந்து தனித்தனி.

டெட் டைம்: மேலே சொன்னது. சூத்திரத்தால் திருத்தலாம், கோப்பிலேயே வெளிப்பாட்டு நேரத்தில் கழித்தும் தந்திருப்பார்கள்.

பைல்-அப்: இரண்டு ஃபோட்டான் ஒட்டி வந்தால் கருவிக்கு ஒன்றாகத் தெரியும். 100 கேஇவி இரண்டு சேர்ந்து 200 கேஇவி ஒன்று என்று பதிவாகும். எண்ணிக்கை குறைகிறது, நிறமாலை (எந்த ஆற்றலில் எத்தனை ஃபோட்டான் என்பது) உயர் ஆற்றல் பக்கம் சாய்கிறது. அதோடு முடியாது. முந்தைய துடிப்பின் எதிர்மறை வால் மேல் அடுத்தது ஏறினால் ஆற்றல் குறைவாகப் பதியும். இரு பக்கமும் கோணல். ஒரு டிடெக்டரில் விநாடிக்குச் சுமார் 60,000 தாண்டினால் இதைச் சந்தேகப்பட வேண்டும். எளிய சூத்திரம் கிடையாது.

தரவுப் பாதை நெரிசல்: நிகழ்வுத் தரவை 14 டிடெக்டர்களும் ஒரே குழாயில் ஊற்றுகின்றன. கூட்டுத்தொகை விநாடிக்கு 3,75,000-ஐத் தாண்டினால் மிச்சம் கொட்டிப் போகும். உங்கள் சீப்பில் பல் போனது இங்கேதான். எண்ணாமல் விடவில்லை, எண்ணியதை அனுப்ப முடியவில்லை.

#4 நடுநிசி · 3 மார்ச், காலை 6:15

ஒப்புக்கொள்கிறேன். #2-இன் கடைசி வரியை அடித்துவிட்டுப் படிக்கவும்.

#5 புதுக்கண் · 3 மார்ச், காலை 8:02

அப்படியென்றால் கூறுபடுத்திய தரவை (128 சேனல், 1.024 விநாடி) எடுத்தால் பிரச்சினை தீர்ந்ததா? அதில் ஓட்டை இல்லை.

#6 சில்லறைஎண்ணி · 3 மார்ச், காலை 8:40

ஓட்டை இல்லை, ஏனென்றால் அது செயற்கைக்கோளிலேயே கூட்டி அனுப்பப்படுகிறது, நெரிசலில் சிக்காது. ஆனால் பைல்-அப் அதிலும் அப்படியே உண்டு. அழகான வளைவு, பொய்யான வளைவு. ஓட்டையாவது நேர்மையானது, 'என்னை நம்பாதே' என்று சொல்லிவிடும். 219 முதல் 277 வரை மோசமான நேர இடைவெளி என்றே ஜிபிஎம் குழு அறிவித்திருக்கிறது. அந்த இடத்தின் நிறமாலையை நேரடியாகப் பொருத்தக் கூடாது. பைல்-அப்பைத் தனியாக மாதிரியிட்டுத்தான் குழுவே எண்ணைச் சொன்னது.

#7 வரப்போரம் · 3 மார்ச், மதியம் 1:30

இதில் ஒரு வேடிக்கை. நாலு டன்னுக்கு மேல் எடையுள்ள ஃபெர்மி திணறிய இடத்தில், 10 செ.மீ. கனசதுரமான கியூப்சாட் (குட்டிச் செயற்கைக்கோள்) ஒன்று உச்சியைத் திணறாமல் அளந்தது. பெயர் ஜிஆர்பிஆல்ஃபா, 2021 மார்ச்சில் ஏவப்பட்டது. மொத்தக் கொள்ளளவு ஒரு லிட்டர். உள்ளே 75 × 75 × 5 மி.மீ. சீசியம் அயோடைடு தகடு ஒன்று, ஒளிப்பெருக்கிக் குழாய்க்குப் பதில் சிலிக்கான் ஒளிப்பெருக்கிச் சில்லுகள். பரப்பு சின்னது, அதனால் வீதம் கட்டுக்குள் இருந்தது. மழையை அளக்க அண்டாவைத்தான் வைக்க வேண்டும் என்றில்லை, அடைமழைக்கு டம்ளர் போதும்.

#8 சில்லறைஎண்ணி · 3 மார்ச், மதியம் 2:10

டம்ளர் கதை சரி, விலையையும் சொல்லுங்கள். ஜிஆர்பிஆல்ஃபாவின் உச்ச மதிப்பு 4 விநாடிச் சராசரி. அதற்குள் இருக்கும் கூர்மையான துடிப்புகள் கரைந்துவிடும். 64 மில்லிவிநாடி உச்சத்தோடு அதை ஒப்பிட்டு "ஒத்துவரவில்லை" என்று எழுதுபவர்கள் உண்டு. எந்தக் கால அளவில் உச்சம் என்று சொல்லாத உச்சத்துக்கு அர்த்தமே இல்லை. சிலிக்கான் சில்லுக்கு இன்னொரு நோயும் உண்டு: சுற்றுப்பாதைப் புரோட்டான்கள் அடித்து அடித்து இருட்டு மின்னோட்டம் (ஒளி படாமலே ஓடும் மின்னோட்டம்) கூடிக்கொண்டே போகும், கீழ் ஆற்றல் வரம்பு மாதாமாதம் மேலே ஏறும். 

சீனாவின் கெகாம்-சி காமா கருவி அந்த நேரத்தில் உயர் அட்சரேகைக்கான தனி இயக்க நிலையில் இருந்ததால் உச்சியில் நிரம்பித் திணறாமல் தப்பியது. நல்ல நேரப் பகுப்பு வேண்டுமென்றால் அங்கே போங்கள். சுற்றுப்பாதை இயக்குநர் கைங்கர்யத்தில் கிடைத்த அறிவியல்.

#9 புதுக்கண் · 3 மார்ச், இரவு 9:05

எஞ்சின் அணைந்து எரிகிற வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் இன்னொரு சந்தேகம். கோப்பில் ட்ரிகர் நேரம் 687014224.99 விநாடி, 2001 ஜனவரி 1-இலிருந்து. அதை மாற்றினால் எனக்கு 13:17:04.99 வருகிறது. எல்லோரும் 13:16:59.99 என்கிறார்கள். 5 விநாடி எங்கே போனது?

#10 நடுநிசி · 3 மார்ச், இரவு 9:20

லீப் விநாடி (பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் செருகும் விநாடி). 2001-க்குப் பிறகு 2006, 2009, 2012, 2015, 2017 தொடக்கங்களிலும் நடுவிலுமாக ஐந்து நுழைந்தன. 2001-லிருந்து 2022 அக்டோபர் 9 வரை 7,951 நாள், பெருக்கினால் 68,69,66,400. கழித்தால் 47,824.99, அதில் 5 போனால் 47,819.99, அதாவது 13:16:59.99. ட்ரிகர் எண்ணின் கடைசி 553 என்பதும் இதே நேரம்தான், நாளை ஆயிரமாகப் பங்கிட்டது: 0.553 × 24 = 13.27 மணி.

இன்னொரு செயற்கைக்கோளோடு வளைவை ஒட்டும்போது இந்த 5 விநாடிதான் முதலில் கடிக்கும். வின்ட் விண்கலத்திலுள்ள கோனஸ் காமா கருவியோடு ஒட்டினால் இரண்டு 5 விநாடிக் குழப்பம்: லீப் விநாடி ஒன்று, வின்ட் 15 லட்சம் கி.மீ. தள்ளி இருப்பதால் ஒளி எடுக்கும் அதிகபட்சம் 5 விநாடி இன்னொன்று. இரண்டும் எதிர்த்திசையில் அமைந்து ஒன்றையொன்று விழுங்கினால் தப்பு கண்ணிலேயே படாது.

#11 வரப்போரம் · 4 மார்ச், காலை 7:10

உலக நேரம் 13:17 என்றால் நம் மாலை 6:47. அப்போது தமிழ்நாட்டுக்கு நேர் உச்சியில் இருந்திருக்கிறது!

#12 நடுநிசி · 4 மார்ச், காலை 7:55

கிட்டத்தட்ட. கணக்கு: வெடிப்பின் வலவேற்றம் 19 மணி 13 நிமிடம், நடுவரை விலக்கம் +19.8 பாகை (வானத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை மாதிரி). அந்த நேரம் கிரீன்விச் விண்மீன் நேரம் சுமார் 14 மணி 30 நிமிடம். வித்தியாசம் 4 மணி 43 நிமிடம், 15-ஆல் பெருக்கினால் கிழக்குத் தீர்க்கரேகை 71. ஆக நேர் கீழ்ப்புள்ளி 19.8 வடக்கு, 71 கிழக்கு: மும்பைக்கு மேற்கே அரபிக்கடல். சென்னையில் உச்சிக்கு 11 பாகை தள்ளி. மும்பைக்காரர்களுக்குத்தான் நேர் உச்சி.

ஆனால் ஜிபிஎம் பார்க்கும் இந்தக் கேஇவி ஃபோட்டான்கள் தரைக்கு வரவில்லை. 100 கேஇவி ஃபோட்டானுக்குக் காற்றின் தடுப்பெண் ஒரு கிராமுக்கு 0.154 ச.செ.மீ.; நம் தலைக்கு மேல் ஒவ்வொரு ச.செ.மீ.க்கும் 1,030 கிராம் காற்று. பெருக்கினால் 159. மிஞ்சும் பங்கு 10-இன் அடுக்கு −69. விண்ணுக்குப் போய் அளப்பதற்கு இந்த ஒரு பெருக்கல் போதும். அயனி மண்டலம் (மேல் வளிமண்டலத்தின் மின்னூட்ட அடுக்கு) குலுங்கியது. சீன-இத்தாலிய சிசெஸ் செயற்கைக்கோள் சுமார் 500 கி.மீ. உயரத்தில் மின்புல மாற்றத்தையே பதிந்தது. 

#13 வரப்போரம் · 4 மார்ச், காலை 8:30

ஒரு ச.செ.மீ.க்கு 0.095 எர்க் என்று படித்தேன், 10 முதல் 1,000 கேஇவி வரை. பூமியின் குறுக்குப் பரப்பு 1.275 × 10¹⁸ ச.செ.மீ. பெருக்கினால் 1.2 × 10¹⁷ எர்க். யூனிட் கணக்கில் சுமார் 3,350. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு ஒரு வருஷத்துக்குச் சற்று மேல். பூமி முழுக்கச் சேர்த்தே அவ்வளவுதான்! அயனி மண்டலம் இதற்கா குலுங்கியது?

#14 சில்லறைஎண்ணி · 4 மார்ச், காலை 9:15

பில்லில் பாதி விட்டுப் போயிற்று. #1-இல் கேட்ட "பாதிகூட வரவில்லை" என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது, சேர்த்துச் சொல்கிறேன்.

செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு) 0.151; அதிலிருந்து வரும் ஒளிர்வுத் தூரம் சுமார் 740 மெகாபார்செக், அதாவது 2.28 × 10²⁷ செ.மீ. அந்த ஆரமுள்ள கோளப் பரப்பு 6.56 × 10⁵⁵ ச.செ.மீ. 0.095-ஆல் பெருக்கி 1.151-ஆல் வகுத்தால் 5.4 × 10⁵⁴ எர்க். வெளியான எண் 10⁵⁵. சரிபாதி. காரணம், 10⁵⁵ என்பது 1 முதல் 10,000 கேஇவி வரை நீட்டிய கணக்கு. இந்த வெடிப்பின் ஆற்றல் 1 எம்இவிக்கு மேலேயும் கணிசமாக இருந்தது, அதை 10–1,000 கேஇவி பட்டை (ஆற்றல் வீச்சு) பார்க்காது. கெகாம், ஹெச்எக்ஸ்எம்டி (இன்னொரு சீனச் செயற்கைக்கோள்) குழு 1.5 × 10⁵⁵ என்றது. எண்ணைச் சொல்லும்போது பட்டையையும் சொல்லாதவரை யார் சரி என்று சண்டை போடுவதில் பயனில்லை.

எல்லாத் திசையிலும் சமமாகப் பாய்ந்ததாக வைத்துக்கொண்ட எண் இது என்பதும் நினைவில் இருக்கட்டும். உண்மையில் அது ஒடுங்கிய தாரை.

#15 புதுக்கண் · 4 மார்ச், இரவு 10:30

அப்படியானால் என்னிடம் மூன்று தப்பு: பைல்-அப் இடைவெளியை விட்டது, பட்டை, அப்புறம் பின்னணி (வெடிப்பு இல்லாவிட்டாலும் வரும் எண்ணிக்கை). பின்னணிக்கு, −50 முதல் −10 வரை ஒன்றும் 700 முதல் 800 வரை ஒன்றும் எடுத்து இரண்டாம் படிப் பல்லுறுப்புக் கோவை போட்டேன். நடுவில் தொய்கிறது.

#16 சில்லறைஎண்ணி · 5 மார்ச், காலை 6:50

தொய்யத்தான் செய்யும். 20 விநாடி வெடிப்புக்கு அந்த முறை போதும்: முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு, ஒவ்வொரு சேனலுக்கும் தனிக் கோவை, முதல் படியில் தொடங்கி அவசியமானால் மட்டும் கூட்டுவது. படியைக் கூட்டினால் பொருத்தம் அழகாகும், நடுவில் கற்பனையாகும். 

ஆனால் ஃபெர்மி 96 நிமிடத்தில் பூமியைச் சுற்றுகிறது. 800 விநாடியில் சுற்றின் ஏழில் ஒரு பங்கு தாண்டிவிடும். காந்தப்புலம் மாற மாறக் காஸ்மிக் கதிர்ப் பின்னணி மாறும், பூமியின் விளிம்பு டிடெக்டர் பார்வையில் நகரும், தென் அட்லாண்டிக் முரண்பகுதியிலிருந்து (காந்தப்புலம் பலவீனமாகித் துகள்கள் கீழே இறங்கும் இடம்) வந்த சூடு படிகத்தில் தணிந்துகொண்டிருக்கும். அதோடு இந்த வெடிப்புக்கு 700–800 விநாடி 'பின்னணி' கிடையாது. பின்னொளி (வெடிப்புக்குப் பின் மெள்ளத் தணியும் ஒளி) அங்கேயும் இருக்கிறது. 1,460 விநாடிக்கு மேலும் ஜிபிஎம்மில் தெரிந்தது. நீங்கள் சமிக்ஞையையே பின்னணியாகக் கழித்திருக்கிறீர்கள்.

வழி: முந்தைய 30-வது சுற்றையும் பிந்தைய 30-வது சுற்றையும் எடுத்துச் சராசரி. ஏறக்குறைய இரண்டு நாள் தள்ளி அதே புவியிடம், அதே சாய்வு. செயற்கைக்கோள் அந்த நேரத்தில் வேறு எங்காவது திருப்பப்பட்டிருந்தால் முறை செத்தது, ஆகவே முதலில் திசைக் கோப்பைப் பாருங்கள். அந்த இரண்டு நாளில் சூரிய வெடிப்பு இருந்ததா என்பதையும்.

#17 புதுக்கண் · 5 மார்ச், காலை 7:30

திசைக் கோப்பு. குறித்துக்கொண்டேன்.

#18 வரப்போரம் · 5 மார்ச், மாலை 6:40

கொஞ்சம் பின்னால் போகிறேன். இது வெடிப்பு என்று செயற்கைக்கோள் எப்படி முடிவு செய்கிறது? பின்னணியே இப்படி ஆடினால்?

#19 நடுநிசி · 5 மார்ச், இரவு 9:00

ஓடும் சராசரி. கடந்த 17 விநாடிப் பின்னணி, ஆனால் கடைசி 4 விநாடியைச் சேர்க்காமல். வெடிப்பு தொடங்கிவிட்டால் அதுவே பின்னணியைத் தூக்கிவிடக் கூடாது என்பதற்கு அந்த இடைவெளி. 16 மில்லிவிநாடி முதல் 8.192 விநாடி வரை பல கால அளவுகளில், பல ஆற்றல் பட்டைகளில் ஒரே சமயம் சோதனை ஓடும். முதன்மைப் பட்டை 50–300 கேஇவி, வாசல் பெரும்பாலும் 4.5 சிக்மா (பின்னணியின் இயல்பான ஏற்ற இறக்க அளவு), அதுவும் குறைந்தது இரண்டு டிடெக்டரில்.

சொல்லுக்கு ஒரு டிடெக்டரின் பின்னணி விநாடிக்கு 300 என்று வையுங்கள். 16 மில்லிவிநாடியில் சராசரி 4.8, சிக்மா 2.2, வாசல் தாண்ட அந்தத் துணுக்கு நேரத்தில் 15 எண்ணிக்கை வேண்டும். 8.192 விநாடியில் சராசரி 2,458, சிக்மா 50. கூடுதலாக 223 போதும், விநாடிக்கு 27-தான். மங்கலான நீள வெடிப்பை நீளக் கூறு பிடிக்கும், கூர்மையான குட்டையைக் குட்டைக் கூறு பிடிக்கும். மெள்ள மெள்ள ஏறுகிற வெடிப்பு இரண்டிலும் தப்பும், ஓடும் சராசரி அதை விழுங்கிவிடும். அவற்றைத் தரையில் தரவைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

இரண்டு டிடெக்டர் ஏன்? கனமான காஸ்மிக் கதிர் ஒன்று சோடியம் அயோடைடைத் துளைத்தால் படிகம் சில விநாடி மினுமினுக்கும். ஒரே டிடெக்டரில் அசல் வெடிப்பு மாதிரியே தெரியும்.

#20 சில்லறைஎண்ணி · 5 மார்ச், இரவு 9:45

இரண்டு டிடெக்டர் விதியையும் தாண்டி வருகிற போலிகள் ஏராளம். சூரிய வெடிப்பு: மென்மையான நிறமாலை, சூரியனைப் பார்க்கும் டிடெக்டர்களில் மட்டும். முரண்பகுதி ஓரத் துகள்கள்: எல்லா டிடெக்டரிலும் ஒரே உயரம், எதிரெதிர் பக்கத்தில்கூட. அதுவே துப்பு, ஃபோட்டானுக்கு நிழல் உண்டு. இடிமேகத்துக் காமா மின்னல்: மில்லிவிநாடிக்கும் குறைவு, பிஜிஓவில் தூக்கலாக, அப்போது கீழே இடிமழை. கருந்துளை இரட்டைகள்: 2015 ஜூனில் வி404 சிக்னி கண் விழித்தபோது ஜிபிஎம்மை நூறு தடவைக்கு மேல் எழுப்பியது.

#21 புதுக்கண் · 6 மார்ச், மதியம் 12:15

ஸ்விஃப்ட் (வெடிப்புகளைத் தேடும் இன்னொரு செயற்கைக்கோள்) 53 நிமிடம் கழித்து 14:10-க்குத்தான் ட்ரிகர் ஆனது, அதுவும் நம் பால்வீதிப் பொருள் என்று நினைத்துப் பெயர் வைத்தார்கள். எப்படி ஃபெர்மி அறிவிப்போடு பொருத்தவில்லை?

#22 நடுநிசி · 6 மார்ச், மதியம் 1:40

ஸ்விஃப்டுக்கு வெடித்த நேரத்தில் பூமி மறைத்திருந்தது. மறைவு விலகியபோது பின்னொளியே ட்ரிகர் அடிக்கிற அளவு பிரகாசம். விளக்கை அணைத்துப் போன பிறகும் சூடான கம்பியைப் பார்த்து 'விளக்கு எரிகிறது' என்று சொன்ன மாதிரி. இடமும் பால்வீதித் தளத்துக்குப் பக்கத்தில், அதனால் எக்ஸ்-கதிர் மூலம் என்று நினைத்தது நியாயமே.

பொருத்துவதில் சிக்கல், ஜிபிஎம்முக்குக் கண் கிடையாது. 12 வட்டுகளும் 12 பக்கம் பார்க்கும். வெடிப்பை நேராகப் பார்க்கும் வட்டு அதிகம் எண்ணும், சாய்ந்தது கோசைன்படி குறைவாக எண்ணும். இந்த விகிதங்களை முன்கூட்டியே கணக்கிட்ட அட்டவணையோடு ஒப்பிட்டு இடம் சொல்லும். பூமியின் வளிமண்டலத்தில் சிதறித் திரும்பும் ஃபோட்டானும், செயற்கைக்கோள் உடலில் சிதறியதும் விகிதத்தைக் கெடுக்கும். முறைசார் பிழையே பத்தில் ஒன்பது வெடிப்புக்குச் சுமார் 3.7 பாகை, மிச்சத்துக்கு 14. 3.7 பாகை ஆரமுள்ள வட்டத்தில் 200 முழுநிலாக்களுக்கு மேல் அடங்கும்.

ஸ்விஃப்டின் பேட் கருவி அப்படி இல்லை: மேலே 50,000-க்கும் மேற்பட்ட ஈயச் சில்லுகள் பதித்த முகமூடி, கீழே 32,768 கேட்மியம் சிங்க் டெல்லுரைடு துண்டுகள். முகமூடியின் நிழல் விழுந்த விதத்தைக் குறிவிலக்கினால் சில ஆர்க்நிமிடத்துக்குள் இடம். பிறகு கலமே திரும்பி எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியால் சில ஆர்க்விநாடிக்குள்.

#23 வரப்போரம் · 6 மார்ச், மதியம் 2:05

கண்ணில்லாத செயற்கைக்கோள்கள் நாலைந்து சேர்ந்தால்?

#24 நடுநிசி · 6 மார்ச், இரவு 8:30

கடிகாரம் கண்ணாகும். இரண்டு கலத்துக்கு வந்த நேர வித்தியாசத்தை அவற்றுக்கிடையே ஒளி செல்லும் நேரத்தால் வகுத்தால் கோணத்தின் கோசைன். வானத்தில் ஒரு வளையம். மூன்றாவது கலம் இன்னொரு வளையம், வெட்டும் இடத்தில் வெடிப்பு. வளையத்தின் தடிமன் = நேரப் பிழை ÷ ஒளித்தூரம், சாதகமான கோணத்தில். பூமிக்கருகே 12,000 கி.மீ. இடைவெளியுள்ள இரண்டு கலங்களுக்கு ஒளித்தூரம் 0.04 விநாடி, 1 மில்லிவிநாடிப் பிழைக்கே 1.4 பாகை. கோள்களுக்கிடையே 500 விநாடி ஒளித்தூரத்தில் ஒரு கலம் இருந்தால் 10 மில்லிவிநாடிப் பிழையிலும் 4 ஆர்க்விநாடி. 

மென்மையாக ஏறி இறங்கும் வெடிப்புக்கு நேரப் பிழையே அரை விநாடி போய்விடும், வளையம் பட்டையாகிவிடும். கூர்மையான முனை இருந்தால்தான் இந்த வித்தை. இரண்டு கருவியின் ஆற்றல் பட்டையும் வேறென்றால் முனையே இடம் மாறும்: மென்மையான ஃபோட்டான்கள் பிந்தி வரும். 

#25 புதுக்கண் · 7 மார்ச், இரவு 11:20

டி90 (வெடிப்பின் நீளத்தைச் சொல்லும் அளவு) போட்டேன். 289 விநாடியும் வருகிறது, 320-உம் வருகிறது, பின்னணியைத் தொட்டால் மாறுகிறது.

#26 சில்லறைஎண்ணி · 8 மார்ச், காலை 7:00

இந்த வெடிப்புக்கு டி90 போடுவதே வீண். மொத்த எண்ணிக்கையில் 5 விழுக்காடு சேர்ந்த நேரத்திலிருந்து 95 விழுக்காடு சேரும் வரை என்பது வரையறை. மொத்தத்தின் பெரும்பங்கு விழுந்த 58 விநாடியே கோணலாக இருக்கும்போது 5-உம் 95-உம் எங்கே விழும்?

பொதுவாகவும் டி90-ஐ நம்பி நிகழ்வின் சாதியை முடிவு செய்யாதீர்கள். இரண்டு விநாடிக்குக் கீழே என்றால் நியூட்ரான் விண்மீன் இணைப்பு, மேலே என்றால் பெருவிண்மீன் சாவு என்கிற கோடு பலமுறை உடைந்தாயிற்று. 211211ஏ ஜிபிஎம்மில் 34 விநாடி, ஆனால் பின்னால் வந்தது கிலோநோவா (நியூட்ரான் விண்மீன் இணைப்பின் அடையாளம்). 200826ஏ ஏறக்குறைய 1 விநாடி, பின்னால் வந்தது சூப்பர்நோவா (பெருவிண்மீன் சாவின் அடையாளம்). தூரத்து வெடிப்பில் பனிப்பாறையின் நுனி மட்டும் பின்னணிக்கு மேல் தெரியும், நீளம் குட்டையாகும். 300 கேஇவிக்கு மேல் பார்த்தால் இன்னும் குட்டை, 30-க்குக் கீழே பார்த்தால் நீளம்.

#27 நடுநிசி · 8 மார்ச், காலை 9:30

நிறமாலை பொருத்தப் போகிறீர்கள் என்றால், மோசமான இடைவெளியைத் தவிர்த்த பிறகு:

வெடிப்பு 60 பாகைக்குள் இருக்கும் சோடியம் அயோடைடுகளை மட்டும் எடுங்கள், கூட வெடிப்பு இருக்கும் பக்கத்துப் பிஜிஓ ஒன்று. சூரியத் தகடோ உடலோ மறைக்கும் டிடெக்டரை விலக்குங்கள், கோணம் சரியாக இருந்தாலும். 33.17 கேஇவியில் அயோடினின் கே-விளிம்பு (உறிஞ்சுதல் திடீரென மாறும் ஆற்றல்) இருக்கிறது. எண்ணிக்கை அதிகமுள்ள வெடிப்பில் அங்கே பொருத்தம் பல்லிளிக்கும், அதனால் 30–40 கேஇவியை விட்டுவிடுவது வழக்கம். சிலர் அதை வெப்பக் கூறு என்று எழுதிவிடுவார்கள். கடைசி ஓவர்ஃப்ளோ சேனலையும் தள்ளுங்கள். நீள வெடிப்புக்கு ஒரே மறுமொழி அணி (வந்த ஃபோட்டான் எந்தச் சேனலில் எத்தனை எண்ணிக்கையாகும் என்ற அட்டவணை) போதாது. கலம் சில பாகை திரும்பியதும் புதிய அணி வேண்டும், பல அணி அடுக்கிய கோப்பு அதற்குத்தான்.

எண்ணிக்கையிலிருந்து ஃபோட்டானுக்கு நேராகத் திரும்ப முடியாது. ஒரு வடிவத்தைக் கற்பித்து, அணியால் பெருக்கி, எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, திருத்தித் திருத்தித்தான் போக வேண்டும். எண்ணிக்கை குறைந்த சேனல்களில் கை-வர்க்கம் (வழக்கமான பொருத்த அளவு) ஏமாற்றும். எண்ணிக்கைக்குப் பாய்சான், பின்னணிக்குக் காஸியன் என்று எடுக்கும் புள்ளிமானத்தைப் பயன்படுத்துங்கள்.

#28 வரப்போரம் · 8 மார்ச், இரவு 8:10

இழை ஏற்கெனவே தடம் மாறித்தான் ஓடுகிறது, நானும் ஒரு தள்ளு. இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளிலுள்ள சிஇஸட்டிஐ எக்ஸ்-கதிர்க் கருவியில் இதெல்லாம் எப்படி?

#29 சில்லறைஎண்ணி · 8 மார்ச், இரவு 10:00

அது வெடிப்புக்காகச் செய்ததே இல்லை. பார்வைப் புலம் 4.6 பாகைதான். ஆனால் 100 கேஇவிக்கு மேல் முகமூடியும் பக்கச் சுவரும் கண்ணாடியாகிவிடும், எங்கிருந்து வந்தாலும் உள்ளே வந்துவிடும். இயக்கிய முதல் நாளே, 2015 அக்டோபர் 6, 151006ஏ அகப்பட்டது. நான்கு கால்வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மின்னணுவியல். 64 தகடுகள், 16,384 பிக்சல்கள். நான்கு கால்வட்டத்திலும் ஒரே சமயம் ஏறினால் வெடிப்பு, ஒன்றில் மட்டும் என்றால் சத்தம் போடும் பிக்சல். முதல் வேலை அந்தப் பிக்சல்களைக் களைவது.

அதன் தனிச்சிறப்பு முனைவாக்கம் (கதிரின் அதிர்வு ஒரே திசையில் அமைந்திருப்பது) அளப்பது. ஒரு பிக்சலில் காம்ப்டன் சிதறி (எலக்ட்ரானில் மோதித் திசை மாறி), அடுத்த பிக்சலில் உறிஞ்சப்பட்ட இரட்டை நிகழ்வுகளைப் பொறுக்க வேண்டும். எட்டுத் திசையில் எத்தனை என்று எண்ணினால் முனைவாக்கம் இருந்தால் அலை தெரியும். பிக்சல் சதுரம், பக்கத்து அண்டையும் மூலை அண்டையும் சமமல்ல. முனைவாக்கமே இல்லாவிட்டாலும் அலை தெரியும். அதனால் கலம் முழுவதையும் கணினியில் கட்டி, முனைவாக்கமில்லாத வெடிப்பைப் பாய்ச்சி, அந்த வளைவால் வகுக்க வேண்டும். வெடிப்பு பின்பக்கமிருந்து, மற்றக் கருவிகளைத் துளைத்து வந்திருந்தால் மாதிரியின் ஒவ்வொரு திருகாணியும் கணக்கில் வரும்.

#30 புதுக்கண் · 10 மார்ச், இரவு 9:15

புதிய வளைவு: 30-வது சுற்றுப் பின்னணி, டெட் டைம் திருத்தம், 219–277 வெட்டி எடுத்தாயிற்று. முன்னும் பின்னும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் 508-இலிருந்து 514 வரை மறுபடி ஒரு சின்னப் பள்ளம். இதையாவது எஞ்சின் என்று சொல்லலாமா?

#31 சில்லறைஎண்ணி · 10 மார்ச், இரவு 9:18

அதுவும் மோசமான இடைவெளிப் பட்டியலில் இருக்கிறது. வெட்டுங்கள்.

#32 நடுநிசி · 10 மார்ச், இரவு 9:31

வெட்டும்போது இரண்டு பக்கமும் ஒரு விநாடி சேர்த்து வெட்டுங்கள், கூறுபடுத்திய தரவின் எல்லை 1.024-இல் விழுகிறது, 508-இல் இல்லை.